தொட்டிலும் கட்டிலும்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 மணி முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. எனவே முதல் சில மாதங்களுக்கு அதன் உலகம் பெரும்பாலும் அது படுத்திருக்கும் இரண்டடி இடந்தான். பெயர் சூட்டுவதற்கு நாள் பார்க்கிறோம். தாய்மாமன் சீராக வரும் அரைஞாண் கொடியைக் கையில் தூக்கி எடை பார்க்கிறோம். ஆனால் அந்த இரண்டடி இடத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. விட்டத்தில் கொக்கி இருக்கிறது, பெட்டியில் பழஞ்சேலை இருக்கிறது, அத்துடன் காரியம் முடிந்ததென்று எண்ணுகிறோம். நானும் அங்ஙனமே எண்ணியிருந்தவள்தான்.

சேலைத் தொட்டிலைக் குறை கூறுவதற்காக நான் இன்று பேச வரவில்லை. சிலர் அதனைத் தூளி என்பர். வேறு சில பக்கங்களில் ஏணை என்பர். பெயர் எதுவாயினும், அது நம் முன்னோர் கண்ட அருமையான ஏற்பாடு. மண் தரையும் ஓலைக் கூரையுமாக வாழ்ந்த காலத்தில் தேளுக்கும் பூரானுக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் குழந்தையை வைத்திருந்தது அது. பருத்திக் காட்டில் களை வெட்டப் போன பெண், வரப்போரத்து வேலமரக் கிளையில் சேலையைக் கட்டிப் பிள்ளையை உள்ளே இட்டுவிட்டுத் தன் நிரையைப் பார்த்தாள். பிள்ளை அழுதால் நாலு எட்டில் வந்து ஒரு முறை ஆட்டிவிட்டுத் திரும்புவாள். கொங்கு நாட்டில் இப்படி வளராதவர் என் வயதில் எவரும் இரார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலாட்டுக்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கினார்கள் என்றால், தொட்டில் நம் வாழ்வில் எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், எங்கள் வீட்டில் ஓர் இரவு நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்தது. சற்று எடை குறைவு, மற்றபடி நலம். என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். அவரே தம் கையால் தம்முடைய பழைய நூற்சேலையை எடுத்துத் தொட்டில் கட்டினார். பத்தொன்பதாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். குழந்தையிடமிருந்து ஒரு சிறு ஓசை கேட்டது. அழுகை அன்று, குறட்டை போன்று, விட்டுவிட்டு வந்த ஓசை. பசியெடுத்துச் சிணுங்குகிறது என்று கருதி மகள் தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் உடல் சேலையின் குழிவில் வில்லைப் போல் வளைந்து, மோவாய் மார்பில் பதிந்து கிடந்தது. உதடுகள் கறுத்திருந்தன. தூக்கி நிமிர்த்தியவுடன் ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு அழுகை வந்தது. நேயர்களே, அந்த அழுகையைப் போல் இனிய ஓசையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

விடிந்ததும் மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் குழந்தையை நன்கு சோதித்து, குறையொன்றும் இல்லை என்று கூறிய பிறகு, ஒரு தாளை எடுத்துக் குழல் ஒன்றை வரைந்தார். பிறந்த குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது; பிடரிப் பக்கம் புடைத்திருக்கும்; கழுத்துத் தசைகளுக்கோ வலிமை இல்லை. மூச்சுக்குழல் மிகவும் ஒடுங்கியது, மென்மையானது. தலை முன்னோக்கிக் கவிழ்ந்து மோவாய் மார்பைத் தொட்டால், தோட்டத்து ரப்பர்க் குழாயை மடக்கினால் தண்ணீர் நிற்பதைப் போல மூச்சு தடைப்படும். நாமாயின் தலையை நிமிர்த்திக்கொள்வோம்; அக்குழந்தைக்கு அது தெரியாது, வலுவும் இல்லை. மேலும், பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடுகிறது. மூக்கின்மேல் துணி படிந்தால் அதனை விலக்கக் கை எழாது. குறைமாதக் குழந்தைக்கு இந்த அபாயங்கள் யாவும் இன்னும் மிகுதி. ஆகவே முதுகு நேராக, மல்லாந்து, தட்டையான, கெட்டியான படுக்கையில் கிடத்துங்கள் என்றார். தாயின் கட்டிலுக்கு அருகில், அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் வரை அவ்வாறு இருப்பது நல்லது என்பதும் அவர் கூறியதே.

வீட்டுக்கு வந்ததும் மகள் தொட்டிலை அவிழ்த்தாள். என் தாயாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏங் கண்ணு, நானும் உங்கம்மாளும் சேலைத் தொட்டில்லதான வளந்தோம்? எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு?" என்றார்.

மகள் சண்டைக்குப் போகவில்லை. "அம்மாயி, உங்ககூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பது பேரு. பொழச்சது ஆறு."

"மத்த மூணு பேருங்க?"

என் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒண்ணு அம்மையில போச்சு. ஒண்ணு காச்சல்ல. கடைசித் தம்பி ஒண்ணு, மாசம் ஒண்ணுகூட ஆகல. காத்தால எங்கம்மா பாத்தப்ப தொட்டில்ல அசையாமக் கெடந்துச்சு. தெய்வக் குத்தம்னு சொன்னாங்க."

அவருக்கு அப்படியொரு தம்பி இருந்ததை நான் அதுவரை அறியேன். அக்குழந்தை எதனால் மாண்டது என்று எழுபது ஆண்டுகளுக்குப் பின் எவரும் கூற இயலாது. தொட்டிலின்மீது பழி போடவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் 'எங்களுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கும் உரிமை பிழைத்தவர்களுக்கே கிடைக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். அதன் பிறகு அவர் தொட்டிலைப் பற்றிப் பேசவில்லை. அவிழ்த்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இவ்விடத்தில் பழைமைக்கும் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். பழையவர் எல்லாம் அறியாதவர், மேல்நாட்டார் எல்லாம் அறிந்தவர் என்று யாரும் கருதிவிட வேண்டா. 1950-களிலும் அதற்குப் பின்னரும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் குழந்தையைக் குப்புறக் கிடத்துவதே சிறந்தது என்று போதித்தார்கள். வாந்தி எடுத்தால் புரைக்கேறாது என்பது அவர்கள் கூறிய காரணம். டாக்டர் பெஞ்சமின் ஸ்போக் எழுதி 1946-இல் முதன்முதல் வெளியான புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலும், பின்வந்த பதிப்புகளில் இதனையே பரிந்துரைத்தது. நலமாகப் பால் குடித்து உறங்கிய குழந்தைகள் காலையில் உயிரற்றுக் கிடந்தன. ஆங்கிலேயர் இதற்குத் 'தொட்டில் மரணம்' என்றே பெயரிட்டிருந்தனர். 1980-களின் இறுதியில் நியூசிலாந்தில் நடந்த ஆராய்ச்சி, குப்புறக் கிடத்துவதையும் வீட்டில் புகை பிடிப்பதையும் இதற்குரிய பெருங்காரணங்களாகச் சுட்டியது. பிரிட்டனில் 1991-இலும், அமெரிக்காவில் 1994-இலும் 'மல்லாந்து கிடத்துங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மல்லாந்து கிடந்தால் புரைக்கேறும் என்ற அச்சமும் பொய்யாயிற்று. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் எளிதில் ஏறுவதில்லை.

இதனை என் தாயாரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "நாங்க எப்பவும் மல்லாக்கத்தான போடுவோம்?" என்றார். உண்மைதான். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிட்டு, உடனே கடுகுத் தலையணையைப் பற்றிப் பேச்செடுத்தோம். தலை உருண்டையாக அமையும் என்று கடுகையோ கேழ்வரகையோ நிரப்பித் தலைக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம். தலையணை எதுவாயினும் தலையை உயர்த்தி மோவாயைத் தாழ்த்தும். குழந்தை முகத்தைத் திருப்பினால் மூக்கை அடைக்கும். குழந்தைக்குத் தலையணை வேண்டா. தலையின் வடிவத்துக்கு, கிடத்தும்போது தலையை ஒரு நாள் வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமும் திருப்பி வைத்தால் போதும். விழித்திருக்கும் வேளையில், நம் கண் பார்க்க, சிறிது நேரம் குப்புறவும் விடலாம்.

இனிக் கடைக்குப் போவோம். மகளும் நானும் கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியிலும் ராஜ வீதியிலும் ஒரு பகல் முழுவதும் அலைந்தோம். கட்டிலோரம் வைக்கும் இந்தச் சிறு தொட்டிலைக் கடைக்காரர்கள் 'பாசினெட்' என்று அழைக்கிறார்கள். பலவற்றில் நான்கு புறமும் பஞ்சு மெத்தை தைத்து, குஞ்சம் வைத்து, உள்ளே கரடிப் பொம்மையும் இட்டிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பஞ்சும் குஞ்சமும் பொம்மையும் குழந்தையின் மூக்குக்கு எமன். நாம் முதலில் பார்க்க வேண்டியது மெத்தை. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காமல் உடனே நிமிர வேண்டும். அதற்கும் பக்கச் சுவருக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருத்தல் ஆகாது. அந்தத் தொட்டிலோடு வந்த மெத்தையைத் தவிர வேறு மெத்தையை அதன்மேல் இடவும் கூடாது. 'நம் குழந்தைக்குக் கட்டாந்தரைபோல் இருக்கிறதே!' என்று மனம் பதறும். மெத்தென்றிருப்பது நமக்கு இன்பம், குழந்தைக்கு அபாயம்.

அடுத்தது சாய்வு. குழந்தை பால் கக்குகிறது என்பதற்காகத் தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுத் தொட்டில்கள் விற்கப்படுகின்றன. இதில் அமெரிக்கா பெருவிலை கொடுத்துப் பாடம் கற்றது. ஃபிஷர்-பிரைஸ் என்னும் பெயர்பெற்ற நிறுவனம் 2009-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு சாய்வுத் தொட்டிலில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகத் தெரியவந்தபின், 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 இலட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். 2022-இல் அந்நாட்டுச் சட்டம் 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்கு தொட்டில்களையும், பக்கங்களில் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் தடை செய்தது. சேலைத் தொட்டிலின் குழிவில் என் பேத்திக்கு நேர்ந்ததும், விலையுயர்ந்த அந்தச் சாய்வுத் தொட்டிலில் அக்குழந்தைகளுக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருந்தது.

பக்கங்கள் காற்று புகும் வலையாக இருப்பது நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. மரக் கம்பிகளாயின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் உடல் நழுவித் தலை சிக்கும். பாட்டன் காலத்துச் செதுக்கு வேலைத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கும் குடும்பங்கள் இதனை அளந்து பார்ப்பது நலம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தும் நம் நாட்டு விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் திறந்து தாயின் கட்டிலோடு இணைவதாயின், வாரால் இறுகப் பிணைத்து, இரண்டு மெத்தைகளும் சம உயரத்தில், நடுவே சந்து இல்லாமல் நிற்க வேண்டும். சந்து இருந்தால் அதில் துணியைத் திணித்துச் சமாளிப்பது தகாது. அந்தத் தொட்டிலையே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால்களில் சக்கரம் இருந்தால் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி ஒன்று: நல்ல படுக்கைக்கு விலை அதிகம் இல்லை. பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் அனைவருக்கும் அரசாங்கம் ஓர் அட்டைப் பெட்டி வழங்குகிறது. உள்ளே குழந்தைக்கு வேண்டிய துணிமணிகளும், அடியில் ஒரு கெட்டியான சிறு மெத்தையும் இருக்கும். துணிகளை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே தொட்டில். அந்நாட்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அட்டைப் பெட்டியில் உறங்கியிருக்கிறார்கள். நம் தமிழக அரசும் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு அடையும் தாய்மார்களுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் ஒன்றை வழங்கத் தொடங்கியது. அதில் சிறு படுக்கையும் கொசுவலையும் இடம்பெற்றன. அதுவும் இல்லையா? பவானி ஜமக்காளம் ஒன்று வீட்டில் இல்லாமல் இராது. அதனைச் சுருக்கமின்றி மடித்துத் தரையில் விரித்து, மேலே ஒரு நூல் துணியை இழுத்து அடியில் செருகிவிட்டால், கெட்டியும் தட்டையுமான படுக்கை ஆயிற்று. தாய் அருகிலேயே தன் பாயில் படுத்துக்கொள்ளலாம். எறும்புக்கும் நாய்க்கும், அறைக்குள் ஓடிவரும் மூத்த பிள்ளையின் காலுக்கும் காவல் வேண்டும், அவ்வளவே.

கடைகளில் குடைவலையோடு கூடிய குழந்தைப் படுக்கை கிடைக்கிறது. பிறந்த வீட்டுக்கு வருவோர் பரிசாகத் தருவதும் பெரும்பாலும் இதுவே. எங்களுக்கு மட்டும் நான்கு வந்தன! வலை நல்லது; கொசு நம் ஊரில் சிறிய எதிரி அன்று. ஆனால் அதனுள் இருக்கும் சிறு தலையணையையும் இரண்டு பக்கத்துத் திண்டுகளையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். மெத்தை பஞ்சுப் பொதியாக அமுங்கினால் வலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த திண்டு பெரியவர்களின் முழங்காலுக்கு உதவும்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும்போது கோவையில் குழந்தைக்குக் குளிரும் என்று போர்வைமேல் போர்வை போர்த்துகிறோம். தளர்ந்த போர்வை முகத்தின்மேல் ஏறிவிடும். கூடுதலாக ஒரு சட்டை அணிவிப்பதே மேல். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். எடை மிகக் குறைந்த குழந்தைக்கு வெப்பம் காப்பது தனிக் கலை. தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறையை மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது தாய் விழித்திருக்கும்போது செய்வது. பால் கொடுத்தபடியே தாய் கண்ணயர்ந்துவிடுவது இயல்பு. அதற்காக எவரும் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். கணவரோ மாமியாரோ எழுந்து குழந்தையை வாங்கித் தொட்டிலில் இடலாமே! வீட்டில் பீடி, சிகரெட்டு பிடிப்பவர் இருந்தால் அவர் குழந்தையின் அறையில் மட்டுமன்று, வீட்டுக்குள் எங்குமே பிடிக்கலாகாது. சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் குழந்தையின் அறையில் தவிர்ப்பது நன்று.

அப்படியானால் சேலைத் தொட்டிலை அறவே விட்டுவிடுவதா? என் கருத்தைச் சொல்கிறேன். மருத்துவர்கள் இன்னும் கண்டிப்பாகச் சொல்லக் கூடும். இரவில் கூடாது. குறைமாதக் குழந்தைக்குக் கூடாது. நன்கு வளர்ந்து கழுத்து நின்ற பிள்ளையைப் பகலில் அழுகை அமர்த்துவதற்காக, ஒருவர் அருகிலேயே அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிறிது நேரம் இடலாம். உறங்கியதும் எடுத்துப் படுக்கையில் கிடத்திவிட வேண்டும். குறுக்குக் கட்டை கொடுத்துச் சேலையை விரித்து, தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேற்படாமல் கட்டுவது முறை. பிள்ளையை எடுத்தவுடன் தொட்டிலை முடிந்து உயரத்தில் தூக்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தம்பியின் தொட்டிலில் ஏறி ஊஞ்சலாடிய மூத்த பிள்ளை, சேலை முறுக்கிக் கழுத்தில் இறுகி இறந்தது என்னும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆடி நோன்பிக்குத் தூரி கட்டி ஆடும் நாட்டில் பிள்ளைகளுக்குத் தொங்குவதெல்லாம் தூரியாகத்தான் தெரியும்.

தொட்டிலைப் பற்றிய கவலை தாய்க்கு மட்டும் உரியது என்று சட்டம் ஒருநாளும் கருதவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவ்வாறே விதித்தது. கோவையின் நூற்பாலைகளிலும் வால்பாறை மலையிலும் பல தலைமுறைப் பெண்கள் அந்த ஏற்பாட்டை நம்பி வேலைக்குப் போனார்கள். காப்பகத்தில் பிள்ளையை விடும் தாய்மார்கள், அங்கே பிள்ளை எப்படிக் கிடத்தப்படுகிறது என்று ஒரு முறை உள்ளே சென்று பார்க்கத் தயங்க வேண்டா.

இறுதியாக ஒன்று. கட்டிலோரத் தொட்டிலுக்கு ஆயுள் குறைவு. குழந்தை தானாகப் புரளவோ, கையை ஊன்றி எழும்பவோ தொடங்கிய நாளோடு அதன் வேலை முடிந்தது. பெரும்பாலும் அது நான்கு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் நேரும். தயாரிப்பாளர் குறித்துள்ள எடையை அதற்கு முன்பே எட்டினாலும் நிறுத்திவிட வேண்டும். என் பேத்தி ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் புரண்டாள். அன்று மாலையே மகள் அந்தத் தொட்டிலைத் துடைத்து, மெத்தையை வெயிலில் காய வைத்து, எதிர்வீட்டில் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அங்கே போய் அதை எப்படி அழுத்திப் பார்ப்பது, எப்படித் தள்ளிப் பார்ப்பது என்று விளக்கியவர் என் தாயார்.